மேற்கோளுக்கு முகவரி வேண்டும்

மேற்கோள் என்பது இரவல் நகை. இரவல் நகை அணிவதில் இழுக்கில்லை. யார் வீட்டு நகை என்று கேட்டால் விடை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. நம் மேடைகளிலும் ஆண்டு மலர்களிலும் பிள்ளைகளின் பேச்சுப் போட்டிகளிலும் உலவிவரும் ஆங்கில மேற்கோள்கள் பலவற்றுக்கு இந்த விடை கிடைப்பதில்லை. வரியின் கீழே புகழ்பெற்ற பெயர் ஒன்றை ஒட்டிவிட்டால் கடமை முடிந்துவிட்டதாகக் கருதுகிறோம். எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்த இயல், பேசுபவர் யார், கேட்பவர் யார் என்னும் வினாக்களைத் தேவையற்றவை என்று தள்ளிவிடுகிறோம். இப்படித் தள்ளுவது தவறு. சில நூல்களின் வகையில் அது தவறு மட்டுமன்று, அநீதியும் ஆகும். இதுவே என் வாதம்.

சான்றுக்கு ஒரே ஒரு நூலை முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். அது மேரி ஷெல்லி இயற்றிய 'பிராங்கன்ஸ்டைன்' என்னும் காத்திக் புதினம். அச்சமும் மருமமும், பாழடைந்த மாளிகையும் பழைய பாவமும் கலந்து எழுதப்படும் கதைகளை ஆங்கிலேயர் அப்பெயரால் அழைப்பர். இந்நூலின் பெயரைக் கேள்விப்படாதவர் அரியர்; முழுதும் படித்தவர் அவரினும் அரியர். ஆதலால்தான் இதிலிருந்து எடுத்ததாகச் சொல்லி எதை வேண்டுமானாலும் நம்மிடம் விற்றுவிட முடிகிறது.

கதை இது. ஜெனீவாவைச் சேர்ந்த விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்னும் இளைஞன், இங்கோல்ஸ்டாட் நகரில் மாணவனாக இருக்கையில், இறந்தோர் உடலுறுப்புகளைத் திரட்டி ஓர் உருவம் சமைத்து உயிரூட்டுகிறான். உயிர் வந்த அக்கணமே அதன் தோற்றங்கண்டு அருவருத்து ஓடிவிடுகிறான். கைவிடப்பட்ட அவ்வுயிர் மனிதரை நாடிச் செல்லுந்தோறும் அடித்து விரட்டப்படுகிறது. முடிவில் தன்னைப் படைத்தவனின் அன்புக்குரியவர்கள்மேல் பழி தீர்க்கிறது. நூல் முழுவதிலும் அதற்குப் பெயரே இல்லை. பிராங்கன்ஸ்டைன் என்பது படைத்தவன் பெயர், படைக்கப்பட்டவன் பெயரன்று. ஆகவே படைக்கப்பட்டவனை நான் பெயரிலி என்றே குறிப்பிடுவேன்.

யார் பேசுகிறார்?

இக்கதையை நமக்குச் சொல்பவர் யார்? இங்குதான் மேற்கோள்காரர்கள் கால் இடறுகிறார்கள். வடதுருவப் பயணம் மேற்கொண்ட வால்ட்டன் என்பவன் இங்கிலாந்திலுள்ள தன் தமக்கை மார்கரெட்டுக்கு எழுதும் கடிதங்களாக நூல் தொடங்குகிறது. பனிக்கடலில் அவன் காப்பாற்றும் விக்டர் தன் வரலாற்றைச் சொல்கிறான். விக்டரின் கதைக்குள்ளே பெயரிலி தன் வரலாற்றைச் சொல்கிறான். பெயரிலியின் கதைக்குள்ளே டி லேசி என்னும் குடும்பத்தின் வரலாறு அடங்கியுள்ளது. பெட்டிக்குள் பெட்டி வைத்த அமைப்பு இது. பெயரிலி பேசியதாக நாம் படிப்பது, அவன் சொன்னதாக விக்டர் சொன்னதை வால்ட்டன் எழுதி வைத்தது. கதைக்குள் மேரி ஷெல்லி தம் சொந்தக் குரலில் பேசும் இடம் ஒன்றேனும் இல்லை. அங்ஙனமாயின், ஒரு வரியை எடுத்து அதன்கீழ் 'மேரி ஷெல்லி' என்று மட்டும் எழுதுவது எதைத் தெரிவிக்கிறது? நூலை எழுதியவர் யார் என்பதை மட்டுமே. அந்தச் சொல்லைச் சொன்னவர் யார் என்பதைத் தெரிவிக்கவில்லை.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. தனக்கு அச்சமில்லை, ஆகையால் தன் ஆற்றல் பெரிது என்னும் பொருள்பட இந்நூலில் ஒரு வரி வருகிறது. அவ்வரியை இன்று தேநீர்க் கோப்பையிலும் சட்டையிலும் அச்சிட்டு விற்கிறார்கள். தன்னம்பிக்கைக்கு அது நல்ல வாசகம் என்று பிள்ளைகள் எழுதிவைத்துக் கொள்கிறார்கள். வரி இருக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பெயரிலிக்குத் துணையாக ஒரு பெண்ணைப் படைத்துத் தருவதாக விக்டர் வாக்களித்திருந்தான். ஆர்க்னித் தீவொன்றில், வேலை முடியும் தறுவாயில், பெயரிலியின் கண்ணெதிரே அவ்வுருவத்தைக் கிழித்தெறிகிறான். சில மணி நேரங் கழித்துத் திரும்பி வந்த பெயரிலி விக்டரை எச்சரிக்கிறான். அந்த எச்சரிக்கையின் ஒரு பகுதியே கோப்பையில் அச்சிடப்பட்ட வரி. அடுத்துத் தன்னைப் பாம்புக்கு ஒப்பிடுகிறான். விக்டரின் திருமண இரவில் வந்து நிற்பேன் என்று சூளுரைத்துப் போகிறான். சொன்னபடியே வந்து மணமகள் எலிசபெத்தைக் கொல்கிறான். கொலை மிரட்டலை நம் பிள்ளைகள் நன்மொழி என்று சுவரில் ஒட்டிவைக்கிறார்கள்! அதே சமயம், எல்லாம் இழந்தவன் ஒருவனின் கதறலும் அவ்வரியில் இருக்கிறது. கோப்பையில் அச்சிட்டவர் மிரட்டலையும் மறைத்தார், கதறலையும் மறைத்தார்.

எந்தப் பதிப்பு?

பேசுபவரைக் கண்டால் போதுமா? போதாது. 'இருபதாம் இயல்' என்று குறிப்புக் கொடுத்தால், நூலை வாங்கிப் புரட்டும் மாணவன் அவ்வியலையே காணாமல் திகைக்கக்கூடும். காரணம், இந்நூலுக்கு வேறுபட்ட இரு வடிவங்கள் உண்டு. 1818ஆம் ஆண்டு சனவரியில் ஆசிரியர் பெயரின்றி மூன்று தொகுதிகளாக முதற்பதிப்பு வெளிவந்தது. தொகுதிகளின் இயல்கள் முறையே ஏழு, ஒன்பது, ஏழு, மொத்தம் 23. ஒவ்வொரு தொகுதியிலும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். 1831இல் மேரி ஷெல்லியே திருத்தி, ஒரே தொகுதியாக வெளியிட்டார். முதல் இயலை விரித்து இரண்டாக்கியதால் இயல்கள் 24 ஆயின. எண்ணும் தொடர்ச்சியாக ஓடியது.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வாய்பாடு தருகிறேன். 1818 பதிப்பின் முதல் தொகுதியில் இரண்டாம் இயல் முதற்கொண்டு இயல் எண்ணுடன் 1 கூட்டுக. இரண்டாம் தொகுதியாயின் 8 கூட்டுக. மூன்றாம் தொகுதியாயின் 17 கூட்டுக. 1831 பதிப்பின் எண் கிடைத்துவிடும். பெயரிலி உயிர்பெறும் நவம்பர் மாத இரவு, பழைய பதிப்பில் முதல் தொகுதி நான்காம் இயல். புதியதில் ஐந்தாம் இயல். பனிமலையில் பெயரிலி விக்டரைச் சந்தித்து வழக்குரைக்கும் இடம், பழையதில் இரண்டாம் தொகுதி இரண்டாம் இயல். புதியதில் பத்தாம் இயல். மேற்சொன்ன எச்சரிக்கை, பழையதில் மூன்றாம் தொகுதி மூன்றாம் இயல். புதியதில் இருபதாம் இயல்.

வேறுபாடு எண்ணில் மட்டும் இருந்தால் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. 1818இல் எலிசபெத் விக்டரின் அத்தை மகள். 1831இல் அவள் இரத்த உறவில்லாத வளர்ப்புப் பெண். முன்னதில் விக்டர் செய்தவற்றுக்கு விக்டரே பெரிதும் பொறுப்பாகிறான். பின்னதில் ஊழின் பேச்சு மிகுகிறது. பதிப்பைச் சொல்லாமல் வரியை மட்டும் எடுத்து 'மேரி ஷெல்லியின் விதிக்கொள்கை' என்று கட்டுரை வரைந்தால், இருபது வயதில் நூலை வெளியிட்ட பெண்ணின் வாயில் முப்பத்து நான்கு வயதுப் பெண்ணின் சொல்லைத் திணித்ததாகிவிடும்.

அவர் எழுதாதவை

நூலுக்குள் அச்சாகியிருப்பவை அனைத்தும் அவர் எழுதியவையா என்றால், அதுவுமில்லை. 1818 பதிப்பின் முகப்பில், என்னைப் படைக்கச் சொல்லி உன்னை நான் வேண்டினேனா என்று படைத்தவனிடம் முறையிடும் பொருளில் சில அடிகள் உள்ளன. அவை மில்ட்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காப்பியத்தின் பத்தாம் காண்டத்தில் ஆதாம் புலம்புபவை. பத்தாம் இயலில் வரும் செய்யுள் அடிகள் அவருடைய கணவர் பெர்சி ஷெல்லி இயற்றியவை. முதற்பதிப்பின் முன்னுரையையும் மனைவியின் குரலில் கணவரே எழுதினார் என்பதை 1831ஆம் ஆண்டு அறிமுகவுரையில் மேரி ஷெல்லி தெரிவிக்கிறார். பெயரின்றி வந்த நூலைப் படித்த வால்ட்டர் ஸ்காட் போன்ற பேரறிஞரே, இதனை எழுதியவர் பெர்சி ஷெல்லி என்று கருதி மதிப்புரை எழுதினார். 1823இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அப்பெண்மணியின் பெயர் முகப்பில் ஏறியது. சொல்லின் உரிமையாளரை விசாரியாமல் விடுவதால் யாருக்கு இழப்பு என்பதற்கு இந்நூலின் வரலாறே சான்றன்றோ?

இன்னொரு வகை மேற்கோள் உண்டு. அது நூலில் எங்குமே இராது. உயிர் வந்துவிட்டது என்று விஞ்ஞானி வெறிகொண்டு கூவுவதாக எல்லோரும் சொல்லும் வரி, 1931இல் வெளிவந்த திரைப்படத்தினது. அதற்கு முன்னரே 1823இல் இலண்டனில் அரங்கேறிய நாடகத்தில் அதுபோன்ற கூவல் உண்டு. மேரி ஷெல்லியின் விக்டரோ கூவுவதில்லை. அஞ்சி ஓடிப் படுக்கையில் விழுகிறான். கூவலைப் புத்தகத்தின்மேல் ஏற்றுவோர், வெற்றிக் களிப்பற்ற ஒரு காட்சியை வெற்றிக் காட்சியாக மாற்றிவிடுகிறார்கள்.

பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட 'டிராகுலா'வுக்கும் இதே கதிதான். மது அருந்தும் வழக்கம் தனக்கில்லை என்று டிராகுலா பிரபு பொருள் பொதிந்து சொல்லும் புகழ்பெற்ற வரியை நூலில் தேடினால் அகப்படாது. அதுவும் 1931ஆம் ஆண்டுத் திரைப்படத்தினதே. நூலிலோ, தான் ஏற்கனவே உண்டுவிட்டதாகவும் இரவில் சிற்றுண்டி கொள்வதில்லை என்றும் மட்டுமே சொல்கிறான். அதையும் நாம் அவன் வாயிலாக அறியவில்லை. விருந்தாளியாகச் சென்று சிறைப்பட்ட ஜானதன் ஹார்க்கர் சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பின் வாயிலாக அறிகிறோம். நாட்குறிப்பு, கடிதம், தந்தி, ஒலிப்பதிவு ஆகியவற்றைத் தட்டச்சு செய்து தொகுத்த கோப்பே அந்நாவல். அந்தக் கோப்பில் டிராகுலாவின் நாட்குறிப்பு என்று ஒன்று இல்லை. அவனுடைய சொற்களில் பெரும்பகுதி அவன் பகைவர் எழுதிவைத்தவை. இதைச் சொல்லாமல் 'டிராகுலா சொன்னான்' என்று எழுதலாமா?

காத்திக் புதினத்துக்கு இந்தப் பழக்கம் பிறவியிலேயே வந்தது. அவ்வகையின் முதல் நூலாகக் கருதப்படும் 'ஒட்ராண்டோ கோட்டை' 1764இன் இறுதியில் வெளிவந்தபோது, பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்று பொய் முகவரியோடு வந்தது. தாமே எழுதியதாக ஹொரேஸ் வால்போல் 1765இல், இரண்டாம் பதிப்பில்தான் ஒப்புக்கொண்டார். கண்டெடுத்த ஏடு, கைமாறிய கடிதம், பிறர் சொல்லக் கேட்ட கதை என்று, சொன்னவரை மறைத்து வைப்பதே இவ்வகை நூல்களின் உத்தி. ஆகவே பிற நூல்களைக் காட்டிலும் இவற்றில்தான் சொல்லின் இருப்பிடத்தைத் தேடும் கடமை நமக்கு மிகுதி.

எதிர்வாதங்கள்

கருத்து நல்லதாயிருந்தால் போதாதா, இடம் எதற்கு என்பார் உளர். கருத்து உங்களுக்குப் பிடித்திருந்தால் உங்கள் கருத்தாகவே சொல்லுங்கள், யார் தடுத்தார்? மேரி ஷெல்லியின் பெயரைச் சேர்ப்பது அவர் புகழைத் துணைக்கு அழைப்பதற்காகத்தானே? துணைக்கு அழைத்தவரிடம் அவர் என்ன சொன்னார் என்று கேட்க மட்டும் பொழுதில்லை என்பது என்ன முறை?

கைபேசியில் தட்டினால் நொடியில் வந்துவிடுமே என்பார் வேறு சிலர். வரும், நானும் பயன்படுத்துகிறேன். முழு நூலின் மின்பதிப்பில் தேடினால் சொற்கள் அகப்படும். ஆனால் அது எந்த ஆண்டின் பாடம் என்பதையும், அவ்விடத்தில் பேசுவது விக்டரா பெயரிலியா என்பதையும் பல பக்கம் பின்னோக்கிப் படித்துத்தான் அறிய வேண்டும். மேற்கோள் திரட்டுகளில் தேடுவோருக்கோ அதுவும் இல்லை. ஒரு திரட்டைப் பார்த்து மற்றொரு திரட்டு எழுதியிருக்கும். பத்துப் பேர் ஒரே பிழையைச் சொன்னால் அது பத்துச் சான்றாகிவிடாது.

பக்கம் தேடுவது எழுத்தர் வேலை, இலக்கியச் சுவைஞர் வேலையன்று என்பது மூன்றாவது வாதம். நான் மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றுபவன். ஆதலின் இவ்வாதத்துக்கு விடை சொல்லும் தகுதி எனக்கு உண்டு. 'முன்னரே ஆணை உள்ளது' என்று ஒரு கோப்பில் எழுதினால், எந்த ஆணை, எந்த நாள், கோப்பில் எந்தப் பக்கம் என்பதை அருகிலேயே குறிக்க வேண்டும். கோப்புகள் கணினிக்குள் சென்றுவிட்ட இந்நாளிலும் அவ்விதி தளரவில்லை. ஏன்? அந்த ஒரு வரியை நம்பி ஒருவருடைய ஓய்வூதியமோ இடமாற்றமோ முடிவு செய்யப்படும். ஆணையின் முற்பகுதியை மட்டும் எடுத்தெழுதி, 'எனினும்' என்று தொடங்கும் பிற்பகுதியை விட்டுவிட்டால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையும். அலுவலகத் தாளுக்கு நாம் தரும் இந்த மதிப்பை இலக்கியத்துக்குத் தர மறுப்பதுதான் சுவையுணர்வா?

நம்மவர் இதை அந்நியப் பழக்கம் என்று ஒதுக்கவும் இயலாது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளாக வகுத்த முப்பத்து நான்கினுள் கூற்றும், கேட்போரும், களனும், காலமும் அடங்கும். அகப்பாடல் ஒவ்வொன்றின் அடியிலும், இன்னார் இன்னாரை நோக்கி இன்ன வேளையில் கூறியது என்று பழந்தமிழர் குறிப்பு எழுதிவைத்தனர். அந்த நான்கு வினாக்களை மேற்சொன்ன ஆங்கில வரிக்கு வைத்துப் பாருங்கள். கூற்று: பெயரிலி. கேட்போர்: விக்டர். களன்: ஆர்க்னித் தீவு. காலம்: துணை அழிக்கப்பட்ட இரவு. மறைந்திருந்த பொருள் முழுதும் வெளிப்பட்டுவிடுகிறது! இத்தகைய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்? புறநானூற்றின் 192ஆம் பாட்டில் முதலடியை மட்டும் எடுத்து எல்லா மலர்களின் முகப்பிலும் பொறிக்கிறோம். ஆற்றுவெள்ளத்தில் செல்லும் மிதவையும், பெரியோரை வியத்தலும் சிறியோரை இகழ்தலும் இல்லை என்னும் முடிவும் அதே பாட்டில் பின்னே நிற்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு முதலடி இனிக்கிறது; அதை நிறைவாக்கும் பிற்பகுதியை யாரும் கேட்பதில்லை.

இதனால் என்ன குடி முழுகிவிட்டது என்று இறுதியாக வினவுவோருக்கு, 'பிராங்கன்ஸ்டைன்' நூலே விடை தருகிறது. விக்டரின் தம்பி வில்லியம் கொலையுண்கிறான். அவன் கழுத்தில் அணிந்திருந்த தாயின் சிற்றோவியம், ஜஸ்டின் என்னும் பணிப்பெண்ணின் பையில் அகப்படுகிறது. பொருள் அவள் பையில் இருந்தது; அது எவ்வாறு அங்கே வந்தது என்பதை நீதிமன்றம் தேடிக் காணவில்லை. பாவமன்னிப்பு கிட்டாது என்று பாதிரியார் அச்சுறுத்தியதால் அவள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். ஒப்புக்கொண்ட சொல்லை மட்டும் உலகம் எடுத்துக்கொண்டது. எந்த அறையில், யாருக்கு அஞ்சிச் சொன்னாள் என்பதைக் கேட்கவில்லை. குற்றமற்ற பெண் கொலைக்களத்தில் மடிந்தாள். 1831 பதிப்பில் எட்டாம் இயலில் அவள் இறக்கிறாள். ஓவியம் அவளிடம் வந்த விதம் பதினாறாம் இயலில், உறங்கியவளின் ஆடையில் அதை ஒளித்து வைத்த பெயரிலியின் வாயாலேயே நமக்குத் தெரியவருகிறது. இடமறியாப் பொருளையும் சூழலறியாச் சொல்லையும் நம்பித் தீர்ப்பெழுதினால் என்ன நேரும் என்பதை இதனினும் தெளிவாக யார் சொல்ல வல்லார்?

பத்தாம் இயலில் பெயரிலி விக்டரிடம் வேண்டுவதும் இதையேதான்: என்னை வெறுக்குமுன் நான் சொல்வதை முழுதும் கேள், கொலையாளிக்குக்கூட மனிதச் சட்டம் பேச இடம் தருகிறதே என்பது அவன் முறையீட்டின் சாரம். பெயரும் உறவும் வீடும் இல்லாத அவனுக்கு எஞ்சியிருக்கும் உடைமை அவன் பேச்சு ஒன்றே. அதையும் பிய்த்தெடுத்து விக்டரின் பெயரிலோ ஆசிரியரின் பெயரிலோ எழுதிவைப்பது வழிப்பறியன்றி வேறென்ன?

சங்கப் பெரியோரிடமும் பெற்றோரிடமும் நான் வேண்டுவது இதுவே. நம் மலரில் முகவரியில்லா மேற்கோள் ஒன்றும் இடம்பெற வேண்டாம். பேச்சுப் போட்டியில் பிள்ளை ஒரு மேற்கோள் சொன்னால், கைதட்டுமுன் நடுவர் கேட்கட்டும்: யார் சொன்னது, யாரிடம், எங்கே, எப்போது? விடை சொல்லும் பிள்ளைக்கு மதிப்பெண் கூட்டுங்கள். தேடியும் அகப்படவில்லை, ஆகையால் அவ்வரியை விட்டுவிட்டேன் என்று சொல்லும் பிள்ளைக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுங்கள். அப்பிள்ளை நூலைத் திறந்து பார்த்திருக்கிறது.